எக் தீவின் குகை: கதை சொன்னதும் எலும்பு சொன்னதும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஸ்கை தீவுக்குத் தெற்கே, எக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. நீளம் 9 கிலோமீட்டர், அகலம் 5. நடுவில் ஆன் ஸ்கூர் என்ற கரிய பாறை முகடு 393 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. இன்று அங்கே வசிப்பவர்கள் நூறு பேர் சொச்சம். பல நிலப்பிரபுக்களின் கை மாறி வந்த தீவை 1997இல் மக்களே திரட்டிய பணத்தில் விலைக்கு வாங்கினார்கள். வெளியுலகில் எக் பேசப்படுவது பெரும்பாலும் அதற்காகத்தான். ஆனால் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே ஒரு குகைக்காக அது பேசப்பட்டு வந்திருக்கிறது.

குகை தென்கரையில் இருக்கிறது. இந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கில் அதன் பெயருக்குப் பிரான்சிஸின் குகை என்று பொருள். வாசல் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுதான். செடியும் பாசியும் மூடி, மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் வேறு வழிந்துகொண்டிருந்தால் பக்கத்தில் போகிறவன்கூடக் கவனிக்காமல் கடந்துவிடுவான். தவழ்ந்து உள்ளே போனால் கூரை உயர்கிறது, நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே ஏறக்குறைய 80 மீட்டர் நீளம், அகலமான இடத்தில் 8 மீட்டர். ஒரே வாசல், வேறு காற்றோட்டம் கிடையாது.

16ஆம் நூற்றாண்டில் தீவின் மக்கள் அனைவரும் இந்தக் குகைக்குள் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்பது கதை. கேலிக் மக்கள் நானூறு வருடமாக இதைச் சொல்லி வருகிறார்கள். இதில் எவ்வளவு நடந்தது? வாய்மொழிக் கதைக்கும் வரலாற்று உண்மைக்கும் என்ன உறவு என்று பொதுவாகப் பேசினால் பேச்சு நழுவிக்கொண்டே போகும். ஒரு குகையை மட்டும் எடுத்துக்கொண்டு துருவினால் ஏதாவது கைக்குக் கிடைக்கும். அந்த முயற்சிதான் இது.

சொல்லப்படும் கதை

எக் தீவு கிளான்ரானல்ட் கிளையைச் சேர்ந்த மெக்டொனால்ட் குலத்தாரின் தீவு. ஸ்கையிலும் ஹாரிஸிலும் ஆண்ட மெக்லவுடுகளுக்கும் இவர்களுக்கும் பல தலைமுறைப் பகை. மெக்லவுட் ஆட்கள் சிலர் படகில் வந்து எக்கில் இறங்கினார்கள். தீவுப் பெண்களிடம் கைவரிசை காட்டினார்கள். தீவார் அவர்களைப் பிடித்துக் கையையும் காலையும் கட்டி, துடுப்பில்லாப் படகில் போட்டுக் கடலில் தள்ளிவிட்டார்கள். படகு எப்படியோ மெக்லவுடுகளின் கையில் போய்ச் சேர்ந்தது. ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். மெக்லவுட் தலைவன் பழிவாங்கப் படையோடு புறப்பட்டான்.

படகுகள் வருவதைப் பார்த்த தீவார் பெண்டு பிள்ளைகளோடு குகைக்குள் போய்ப் பதுங்கினார்கள். மெக்லவுடுகள் மூன்று நாள் தேடினார்கள், சில பேர் ஐந்து நாள் என்பார்கள். ஒருவரும் அகப்படவில்லை. வீடுகளைக் கொள்ளையடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், போய்விட்டார்களா என்று பார்க்கக் குகையிலிருந்து வெளியே வந்த ஓர் ஆள் கண்ணில் பட்டுவிட்டான். பனி பெய்திருந்தது. அவன் காலடித் தடம் நேரே குகை வாசலுக்கு வழி காட்டியது.

மெக்லவுடுகள் வாசலில் வழிந்த தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். வீட்டுக் கூரைகளைப் பிரித்து வைக்கோலையும் மரத்தையும் வாசலில் குவித்துத் தீ வைத்தார்கள். ஈரம் இருந்ததால் தீ எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். அந்தப் புகை முழுவதும் உள்ளே போயிற்று. குகைக்குப் போகாமல் வேறெங்கோ ஒதுங்கியிருந்த ஒரு கிழவி மட்டும் தப்பினாள்.

இதுதான் சாரம். சொல்பவருக்குத் தகுந்தபடி விவரம் மாறும். மெக்லவுட் பக்கத்துச் சொல்லில் கட்டிப் போட்டுக் கடலில் விடப்பட்டவர்கள்மேல் வெளிச்சம் விழுகிறது. மெக்டொனால்ட் பக்கத்தில் பெண்கள்மேல் கை வைத்ததில் கதை தொடங்குகிறது. யார் முதலில் தப்புச் செய்தார்கள் என்பதைச் சொல்லும் இடத்திலேயே சொல்பவன் எந்தக் கரை ஆள் என்று தெரிந்துவிடும்.

கேலிக் மக்கள் இதை எந்தப் பெட்டியில் வைத்தார்கள்

நம்மிடம் கர்ணபரம்பரை என்று ஒரு சொல் இருக்கிறது. காது வழியாக வந்த எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவோம். கேலிக் பேசுகிறவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஸ்கியலஹ்க். அரசகுமாரன், அரக்கன், பேசும் குதிரை எல்லாம் வரும் நெடுங்கதை அது. கேட்பவர் யாரும் நடந்ததா என்று கேட்க மாட்டார். இன்னொன்று ஷெனஹஸ். ஊர், குடும்பம், வம்சாவளி, சண்டை, நிலத்தின் எல்லை பற்றிய பேச்சு. அதில் தேர்ந்தவர் ஷெனஹி. அவர் சொல்வதை மக்கள் நடந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அவரும் பொறுப்போடுதான் சொன்னார். இன்னாரிடம் கேட்டேன், அவர் தன் தாத்தாவிடம் கேட்டார் என்று சங்கிலியைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். குளிர்காலத்து இரவுகளில் ஊரார் ஒரு வீட்டில் அடுப்பைச் சுற்றிக் கூடுவார்கள். கேய்லி வீடு என்பார்கள் அதை. (தமிழில் எழுதினால் கேலி போலத் தோன்றும். அங்கே கேலியும் நடந்திருக்கும், சந்தேகமில்லை.) அந்த வீட்டில் ஷெனஹி ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு நாலு கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

எக் குகைக் கதை இந்த ஷெனஹஸ் வகையைச் சேர்ந்தது. ஆகவே இதை வெறும் கதைதானே என்று தள்ளுபவர், சொன்னவர்களே செய்துவைத்த பாகுபாட்டைக் கவனிக்காமல் தள்ளுகிறார். அதற்காக அப்படியே ஏற்க வேண்டும் என்றும் இல்லை. ஷெனஹியும் மனிதர்தான். சொல்லச் சொல்ல நல்ல காட்சிகள் ஒட்டிக்கொள்ளும், சின்னத் தலைவனின் செயல் பெரிய தலைவன் பெயரில் போய்ச் சேரும்.

இந்தக் கதையிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. படுகொலை செய்த மெக்லவுட் தலைவன் யார் என்று கேட்டால் பலர் அலஸ்டர் குரோட்டஹ் என்கிறார்கள். கூன்முதுகு அலஸ்டர். மெக்லவுட் தலைவர்களில் மிகப் புகழ்பெற்றவர். ஹாரிஸ் தீவின் ரோடெல் தேவாலயத்தில் 1528இலேயே தனக்குக் கல்லறை செதுக்கி வைத்துக்கொண்டவர். அவர் இறந்தது 1547 வாக்கில். எழுத்தில் உள்ள ஆண்டோ 1577. முப்பது வருடத்துக்கு முன்பே அந்தக் கல்லறைக்குள் போய்விட்டவர் எக்குக்குப் படை எடுத்து வந்திருக்க முடியாது. பெரிய ஆள் பெயர் காந்தம் மாதிரி. சுற்றுப்புறத்துச் சம்பவங்களை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

காகிதத்தில் இருப்பது

ஆறாம் ஜேம்ஸ் அரசருக்காக மேற்குத் தீவுகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. காலம் 1577க்கும் 1595க்கும் நடுவே. ஸ்காட்ஸ் மொழியில் இருக்கிறது. அதன் நோக்கம் வரலாறு எழுதுவது கிடையாது. எந்தத் தீவில் என்ன விளையும், யாருக்குச் சொந்தம், போர் என்றால் எத்தனை ஆள் தேறும் என்று அரசருக்குக் கணக்குக் கொடுப்பது.

எக் பற்றிய பத்தி இப்படிப் போகிறது. தீவு வளமானது, ஒரு பங்கு ஓட்ஸ் விதைத்தால் பத்துப் பன்னிரண்டு பங்கு அறுக்கலாம். கிளான்ரானல்டுக்குச் சொந்தம். போருக்கு 60 பேரை அனுப்பும். நிலத்துக்கு அடியில் நிறையக் குகைகள் உண்டு. தீவார் தங்களையும் உடைமைகளையும் ஒளித்துக்கொள்ள அவற்றைப் பயன்படுத்துவார்கள். அப்படித்தான் 1577 மார்ச்சில் கிளான்ரானல்டுக்கும் ஹாரிஸ் மெக்லவுடுக்கும் சண்டை மூண்டபோது மக்கள் தங்கள் தலைவர் ஆங்கஸ் ஜானோடு, மனைவி மக்கள் சாமான்களோடு ஒரு குகைக்குள் ஓடினார்கள். விவரம் தெரிந்த மெக்லவுட் பெரும் படையோடு வந்திறங்கிக் குகைக்குத் தீ வைத்து உள்ளிருந்த அத்தனை பேரையும் மூச்சுத் திணறடித்துக் கொன்றான். ஆண், பெண், குழந்தை எல்லாம் சேர்த்து 395 பேர்.

அவ்வளவுதான். படகில் வந்த பொறுக்கிகள் இல்லை, பெண்கள்மேல் கை வைத்த பேச்சு இல்லை, கடலில் தள்ளிவிட்ட படகு இல்லை. காலடித் தடமும் கிழவியும் இல்லை. காரணம் என்று கேட்டால் சண்டை, பகை என்று இரண்டு சொல்லோடு முடிந்தது. கதையில் இல்லாத மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன: தேதி, ஓர் எண், மெக்டொனால்ட் தலைவரின் பெயர்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். காகிதம் கிடைத்ததும் அதை ஒரு தட்டிலும் கதையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கிறார்கள். அந்தக் காகிதத்தை எழுதியவர் குகை வாசலில் நின்று தலை எண்ணியவரா? யாரோ சொன்னதைத்தான் எழுதியிருப்பார். எழுத்து என்பது இங்கே ஒரு வாய்மொழிக் கூற்றைச் சம்பவத்துக்குப் பக்கத்திலேயே, அதிகபட்சம் இருபது வருடத்துக்குள், பிடித்து நிறுத்தியது என்பதுதான். அதனால் அதற்கு மதிப்பு அதிகம், சரி. அதற்காக அது வேறு ஜாதிச் சாட்சி ஆகிவிடாது.

395 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். துல்லியமாக இருப்பதால் உண்மை போலத் தோன்றுகிறது. அதே பத்தியில் 60 போர் ஆள் என்ற கணக்கு இருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வைத்து, வீட்டுக்கு ஆறு, ஆறரை பேர் என்று பெருக்கினால் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். தீவின் முழு ஜனத்தொகையையும் கணக்கில் போட்டு எல்லோரும் செத்தார்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் எண் துல்லியமாக இருப்பது எண்ணினார்கள் என்பதற்குச் சான்றாகாது.

இன்னொன்று. எல்லோரும் செத்தார்கள் என்று சொல்லும் அதே பத்தி, தீவு 60 பேரைப் போருக்கு அனுப்பும் என்றும் சொல்கிறது. பழைய கணக்கிலிருந்து நகல் எடுத்திருக்க வேண்டும், அல்லது அதற்குள் புதுக் குடிகள் வந்து நிறைந்திருக்க வேண்டும். இது கீழே திரும்ப உதவும்.

மார்ச் என்ற மாதமும் சுவாரசியமானது. 1600 வரை ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே அவர்கள் 1577 மார்ச் என்று எழுதியது, மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் ஒரு நாளாக இருந்தால், நம் கணக்கில் 1578. அப்புறம் அந்தப் பனி. ஹெப்ரிடீஸ் என்னும் இந்த மேற்குத் தீவுகளில் மார்ச்சில் பனி பெய்வது அதிசயம் இல்லை. காகிதம் மாதத்தைச் சொல்கிறது, பனியைச் சொல்லவில்லை. கதை பனியைச் சொல்கிறது, மாதத்தைச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பொருந்துகின்றன. ஒரு வழக்கறிஞர் இதைக் கேட்டால் லேசாகத் தலையாட்டுவார். அதற்குமேல் ஒன்றும் செய்ய மாட்டார். பனியில் காலடித் தடம் எந்த ஊர்க் கதையிலும் வரக்கூடியது.

குகைக்குள் போனவர்கள்

1773இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஹெப்ரிடீஸ் வந்தார். கேலிக் வாய்மொழி மரபின்மேல் அவருக்கு இருந்த அலட்சியம் ஊரறிந்தது. எழுத்தில்லாத மொழியில் பழையது எதுவும் நிலைக்காது என்பது அவர் கட்சி. ஓசியன் என்ற பழங்காலக் கேலிக் கவிஞனின் பாடல்களை மொழிபெயர்த்ததாகச் சொன்ன ஜேம்ஸ் மெக்ஃபர்சனோடு அவர் போட்ட சண்டையும் அதையொட்டித்தான். அந்த ஜான்சன் ஸ்கையில் எக் கதையைக் கேட்டார். கேட்டதைத் தன் பயண நூலில் எழுதினார். கட்டி விடப்பட்ட படகோட்டிகள், குற்றவாளிகளை ஒப்படைக்க மறுத்த தீவார், புகை, எல்லாம் அதில் வருகின்றன. குடும்பம் குடும்பமாக, நின்ற இடத்திலேயே செத்துக் கிடந்தார்கள் என்று முடிக்கிறார். கையெழுத்துப் பிரதி எங்கே என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. கதை கொடூரமாக இருந்தால் மனிதர்கள் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள் போல.

1814 ஆகஸ்டில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வந்தார். கலங்கரை விளக்கங்களைப் பார்வையிடும் கப்பலில், பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சனோடு. குகைக்குள் போய் ஒரு மண்டையோட்டை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். கப்பல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்காட் அதைப் பொருட்படுத்தவில்லை.

மிக விரிவாக எழுதியவர் ஹியூ மில்லர். கல் உடைக்கும் தொழிலாளியாக இருந்து நிலவியல் அறிஞர் ஆனவர். 1844இல் தன் நண்பரும் பாதிரியாருமான ஜான் சுவான்சனோடு உள்ளே போனார். வாசலிலிருந்து முப்பது மீட்டர் வரைக்கும் தரை முழுக்க எலும்பு. மண் நிறம், அங்கங்கே பச்சை பூத்திருந்தது. மண்டையோடுகள் மட்டும் ஏறக்குறைய இல்லை, சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். சுவர் ஓரமாக எலும்புகள் குவியல் குவியலாக, குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே சில அடி இடைவெளியோடு கிடந்தன. ஒவ்வொரு குவியலுக்கு அடியிலும் சில அங்குல ஆழத்தில் வைக்கோல் படுக்கையின் மிச்சம். உடைந்த மண்பாண்டம். ஒரு துண்டில் சிறு உருண்டையாக நரைமுடி ஒட்டியிருந்தது.

ஒரு குவியலுக்கு அடியில் சுவான்சன் ஒரு குழந்தையின் மரக்கிண்ணத்துக் கைப்பிடியைத் தோண்டி எடுத்தார். அதில் ஒரு துளை. சுவரில் மாட்டி வைத்த கயிற்றின் தேய்மானம் துளையில் தெரிந்தது. அதன் பக்கத்தில் குழந்தையின் எலும்புகள் சில. கூடவே ஒரு குதிரையின் கடைவாய்ப் பல்.

குதிரைப் பல் எப்படி அங்கே வந்தது என்று இருவருக்கும் புரியவில்லை. ஒரு வாரக் குட்டிகூட அந்த வாசலில் நுழையாது. மில்லர் சேகரித்ததை எல்லாம் எடின்பரோவுக்கு எடுத்துப் போய் வீட்டுத் தரையில் பரப்பினார். இரண்டு வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் வந்தான். பாண்டத்தையோ கைப்பிடியையோ அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பல்லைக் கையில் எடுத்தான். தூங்கும்வரை அதை வைத்தே விளையாடினான். மில்லருக்கு விடை கிடைத்துவிட்டது. குகைக்குள் செத்த குழந்தையின் விளையாட்டுச் சாமான் அது.

எனக்கு இந்த மொத்த வழக்கிலும் பிடித்த சாட்சி இதுதான். ஏனென்றால் கதையில் அது இல்லை, காகிதத்திலும் இல்லை, யாரும் கற்பனையில் சேர்த்திருக்கக்கூடியதும் இல்லை.

வைக்கோல் படுக்கையும் முக்கியம். அவசரத்தில் ஓடி ஒளிந்தவன் படுக்கை விரிக்க மாட்டான். பானை, கிண்ணம், குழந்தையின் பொம்மைவரை கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் சில நாள் தங்கும் எண்ணத்தில், பழகிய இடத்துக்குப் போயிருக்கிறார்கள். சாமான்களோடு குகையில் ஒளிவது அவர்கள் வழக்கம் என்று அறிக்கை சொல்கிறது. மூன்று நாள் பதுங்கியிருந்தார்கள் என்று கதை சொல்கிறது. தரை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆனால் மில்லரையும் அப்படியே நம்ப முடியாது. குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள் என்று ஜான்சன் எழுபது வருடம் முன்பே அச்சில் போட்டுவிட்டார். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போகிறவன் கண்ணுக்கு எலும்புக் குவியல் குடும்பமாகத்தான் தெரியும். அதற்குள் ஸ்காட் மாதிரி எத்தனை பேர் கையை விட்டுக் கிளறியிருக்கிறார்களோ. மில்லரும் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதைப் பார்த்தோம். இன்றைய தொல்லியலாளர் ஒருவர் அந்தத் தரையை மேலே யாரும் நடக்கும் முன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது இனி கிடைக்காத விடை. எஞ்சிய எலும்புகளையும் பின்னாளில் எடுத்துப் புதைத்துவிட்டார்கள்.

சந்தேகப்பட்டவர்கள்

தீவின் பாதிரியார் ஒருவர் சொன்னது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது: இந்தச் சம்பவத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக விசாரிக்கிறேனோ அவ்வளவு நிறையத் தெரிந்த மாதிரி இருக்கிறது. இரண்டு பேரிடம் கேட்டால் மூன்று கதை வரும் ஊரில் இருந்தவரின் பெருமூச்சு அது.

கனமான சந்தேகம் 1588இலிருந்து வருகிறது. இங்கிலாந்தின்மேல் படையெடுத்துத் தோற்ற ஸ்பானியக் கடற்படையான ஆர்மடாவின் கப்பல் ஒன்று மல் தீவின் டோபர்மோரி துறையில் ஒதுங்கியது. அந்த ஊர்த் தலைவர் லாஹ்லன் மெக்லீன் கப்பலுக்கு உணவு கொடுத்து, பதிலுக்கு நூறு ஸ்பானிய வீரர்களை வாங்கிக்கொண்டு தன் எதிரிகளின் தீவுகள்மேல் பாய்ந்தார். கானா, ரம், எக் எல்லாம் எரிந்தன. 1589 ஜனவரியில் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலில் இதைப் பற்றிப் பிராது பதிவாயிற்று. ஆண், பெண், பச்சைக் குழந்தை என்று பாராமல் எல்லோரையும் எரித்தார்கள் என்கிறது அது.

இங்கேதான் கேள்வி. 1577இல் தீவே காலியாகியிருந்தால் 1588இல் எரிக்க யார் இருந்தார்கள்? 1588இல் நடந்ததைத்தான் பின்னால் மெக்லவுடுகள் தலையில் கட்டினார்களா? பழைய பகையாளியின் பெயர் நாக்கில் சுலபமாக வரும் அல்லவா?

முதல் கேள்விக்கு அறிக்கையே பாதி விடை சொல்கிறது. ஒன்றுக்குப் பத்து விளையும் நிலத்தை எந்தத் தலைவனும் பதினோரு வருடம் தரிசாகப் போட மாட்டான். கிளான்ரானல்டிடம் மற்றத் தீவுகளில் ஆட்கள் இருந்தார்கள். குடியேற்றியிருப்பார். இரண்டாவது கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. ஆனாலும் அறிக்கை எழுதப்பட்டது இந்த இரண்டு சம்பவங்களையும் நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருந்த காலம். அதில் ஆண்டு, மாதம், தாக்கியவன், தாக்கப்பட்ட தலைவன், கொன்ற முறை எல்லாம் தனியாக இருக்கின்றன. மெக்லீன் எரித்தது வீடுகளோடு. மெக்லவுட் குகையில் புகை போட்டது. என் மனம் இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள் என்ற பக்கம்தான் சாய்கிறது.

இப்படி ஒரு கொடுமை நடந்திருக்குமா என்ற தயக்கம் இருந்தால், அயர்லாந்தின் வடகரையில் ராத்லின் தீவைப் பார்க்கலாம். 1575 ஜூலையில், மெக்டொனால்டுகளின் உறவுக் கிளை வாழ்ந்த அந்தத் தீவில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பிரபுவின் படை கோட்டையில் இருந்தவர்களைக் கொன்றது. பின்னும் குகைகளிலும் கடற்பாறை இடுக்குகளிலும் ஒளிந்திருந்த முந்நூறு நானூறு பேரைத் தேடித் தேடிக் கொன்றதாக எசெக்ஸே எலிசபெத் அரசிக்கு எழுதினார். அங்கே சாட்சி கொன்றவனின் கடிதம்.

எரிந்தது இதுதான் முதல் முறையும் இல்லை

எக்குக்கு இன்னொரு பழைய எரிப்பும் உண்டு. 617இல் புனித டோன்னன் என்ற துறவியும் அவருடைய 52 சீடர்களும் இந்தத் தீவில் கொல்லப்பட்டார்கள். ஐரிஷ் ஆண்டுக் குறிப்பில் எக் தியாகிகளின் எரிப்பு என்று சுருக்கமாக இருக்கிறது. கொன்றது யார் என்று குறிப்பு சொல்லவில்லை. ஊர்க் கதை சொல்கிறது: அந்நாட்டு அரசி ஒருத்தி அனுப்பிய வீரப் பெண்கள். தீவில் பெரிய பெண்களின் ஏரி என்று ஓர் ஏரியே இருக்கிறது. ஒரு வரிக் குறிப்பு விட்டுவைத்த காலி இடத்தில் ஊர் ஆட்களை நிறுத்தியது.

எக் படுகொலைக்குப் பதிலடி என்று சொல்லப்படுவது ஸ்கையின் டிரம்பன் தேவாலயம். 1578 மே மாதத்து ஞாயிறு, உள்ளே மெக்லவுடுகள் வழிபாட்டில் இருக்க, ஊயிஸ்ட் தீவின் மெக்டொனால்டுகள் வந்து கூரைக்குத் தீ வைத்தார்கள் என்பது கதை. ஒரு பெண் மட்டும் சன்னல் வழியே தப்பிச் செய்தி சொன்னாள். திரும்பி வந்த மெக்லவுட் படை தாக்கியவர்களைக் கரையில் வெட்டிச் சாய்த்து, பக்கத்துக் கற்சுவரை அவர்கள்மேல் தள்ளி மூடியது. அந்தச் சண்டைக்குப் பெயரே சுவரைப் பாழாக்கிய சண்டை.

எக்கில் ஒரு கிழவி, டிரம்பனில் ஒரு பெண். எல்லோரும் செத்த கதைக்கு எப்போதும் ஒரு பெண் பிழைத்தாக வேண்டும். இல்லையென்றால் யார் வந்து சொன்னது என்று கேய்லி வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆகவே அந்தக் கிழவியை நான் நம்பவில்லை. காலடித் தடத்தைப் பாதி நம்புகிறேன். படகில் தள்ளிவிடப்பட்டவர்கள் விஷயம் நடந்திருக்கலாம், ஆனால் அது காரணமா, பின்னால் கற்பித்த நியாயமா என்று இனி பிரிக்க வழியில்லை. குகை, புகை, குடும்பங்கள், தங்கிய நாட்கள்: இவற்றில் கதை நழுவவே இல்லை. சொல்பவருக்கு எங்கே நியாயம் தேவைப்பட்டதோ அங்கே கதை வளைந்திருக்கிறது. யாருக்கும் லாபமில்லாத விவரங்கள் வளையாமல் இருக்கின்றன.

இடம் கூடவே இருந்தது இதற்கு ஒரு காரணம். எலும்பு நிறைந்த குகை ஊரில் இருக்கும்போது ஷெனஹியால் ரொம்பத் தூரம் போக முடியாது. அதே சமயம், காரணம் கேட்கும் பிள்ளைகளுக்கு அந்த எலும்பே தலைமுறைதோறும் கதையைப் புதிதாக உண்டாக்கியும் இருக்கும். இரண்டு வேலையையும் குகை செய்திருக்கிறது. 1853இல் தீவின் குருலின் கிராமத்தில் பதினான்கு குடும்பங்களை ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றினார்கள். அவர்கள் கப்பலேறினார்கள். குகைக்குப் பக்கத்தில் இருந்து சொன்னவர்களில் அப்படி எத்தனை பேர் குறைந்தார்களோ. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951இல் தொடங்கி, ராசே தீவின் கேலம் மக்லீன் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவு தீவாகப் போனபோது மிச்சம் இருந்தவர்களிடம்தான் பதிவு செய்ய முடிந்தது.

2016

2016 அக்டோபரில் குகைக்குள் போன சுற்றுலாப் பயணிகள் தரையில் எலும்புகளைப் பார்த்தார்கள். ஐம்பது துண்டுகள் அளவுக்கு இருந்தன. இந்த முறை யாரும் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. விஷயம் போலீசுக்குப் போனது. பழைய எலும்பு என்று தெரிந்ததும் தொல்லியல் துறைக்குப் போனது. எல்லாம் ஒரே ஆளுடையவை. கார்பன் கணிப்பு 1430க்கும் 1620க்கும் இடைப்பட்ட காலம் என்று சொன்னது.

செய்தித்தாள்கள் படுகொலை உண்மை என்று தலைப்புப் போட வசதியான முடிவு. ஆனால் 190 வருட இடைவெளிக்குள் 1577 விழுகிறது, 1588உம் விழுகிறது, அலஸ்டர் குரோட்டஹின் காலமும் விழுகிறது. யார் புகை போட்டான் என்று கார்பன் சொல்லாது, எத்தனை பேர் என்றும் சொல்லாது. அந்தக் காலத்தில் ஒருவர் அந்தக் குகைக்குள் இறந்து கிடந்தார் என்பதுவரை சொல்லும்.

அந்த ஒருவருக்கு வயது பதினாறுக்குள்.